4294967297: சில நாட்களின் குறிப்பு

மார்ச் 3
இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் 4294967297. இது பகா எண் என்று பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளில் இதே கணக்கு 3, 5, 17, 257, 65537 என்று ஐந்து பகா எண்களைத் தருகிறதே, அடுத்ததும் அப்படித்தானே இருக்கும்! நிரூபணம் கையில் இல்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். 1732இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

மார்ச் 4
641 குருட்டாம்போக்கில் சிக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அந்த வரிசையில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே கதை முடிந்தது. பிற்காலத்தில் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா இந்த விதியின் 64ஐ 128 ஆக்கினார். அப்போது 641க்கு முன்னால் 257 மட்டுமே மிச்சம்.

மார்ச் 6
வகுக்காமலே 641ஐப் பிடிக்கும் வழி. 641 = 5 × 128 + 1. அதோடு 641 = 625 + 16, அதாவது 5இன் நான்காம் அடுக்கும் 2இன் நான்காம் அடுக்கும். முதலாவதன்படி, 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1 (641க்கு ஒன்று குறைவு). நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴க்குப் பதில் −2⁴ போடலாம். ஆக −2³²இன் மீதி 1. அவ்வளவுதான், 2³² + 1 மீதியின்றி வகுபடும். எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் அலுக்கவில்லை.

மார்ச் 9
எனக்கு இதைவிடப் பிடித்தது வர்க்கங்களின் வழி. 4294967297 = 65536² + 1² என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் 62264² + 20449² என்றும் எழுதலாம்! இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக வரும் பகா எண்ணுக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. இதற்கு இரண்டு வழி இருப்பதால், காரணி எது என்று சொல்லாமலே இது பகு எண் என்று தீர்ப்பு எழுதிவிடலாம். இரண்டாவது ஜோடி எங்கிருந்து வந்தது? 641 = 25² + 4², 6700417 = 2556² + 409². இவற்றை நேருக்கு நேர் பெருக்கிக் கழித்தால் 25 × 2556 − 4 × 409 = 62264. குறுக்கே பெருக்கிக் கூட்டினால் 25 × 409 + 4 × 2556 = 20449. போதாக்குறைக்கு 20449 என்பதே 143இன் வர்க்கம். அது தற்செயல்தான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 10
6700417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். லூக்காவின் விதிப்படி அதற்குள் பார்க்க வேண்டியவை 257, 641, 769, 1153, 1409. இவற்றில் 257 வராது; 2³² + 1ஐ அதனால் வகுத்தால் மீதி 2. 6700417ஐ மற்ற நான்கால் வகுத்தால் மீதி முறையே 44, 120, 334, 622. சரி, பகா எண்தான்.