ஆத்தங்குடிக் கல்லை 150 சொல்லில் எழுதிப் பார்த்தது

பரீட்சை எனக்கு இல்லை, அக்கா மகளுக்கு. நர்சிங் முடித்து மதுரையில் வேலை பார்க்கிறாள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்று பகுதிக்கும் 7 வேண்டும். எனக்குக் காரைக்குடியில் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுக்கும் தொழில். படம் என்றால் மாமா விடமாட்டார் என்று தெரிந்து, எழுத்துத் தேர்வின் முதல் கேள்வியை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டாள். இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு அதுதான் பொழுதுபோக்கு.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விவரம். அகாடமிக் வகைத் தேர்வில் எழுத்துக்கு ஒரு மணி நேரம். முதல் கேள்வியில் ஒரு வரைபடமோ அட்டவணையோ கொடுப்பார்கள், குறைந்தது 150 சொல்லில் விவரிக்க வேண்டும். 20 நிமிடத்தில் முடித்துவிடச் சொல்வார்கள். இரண்டாவது 250 சொல் கட்டுரை. அதற்கு இரண்டு மடங்கு மதிப்பு. அதனால் பலரும் முதல் கேள்வியை ஒப்புக்குத்தான் படிக்கிறார்கள். அதிலும் எப்போதாவது வருகிற செயல்முறைப் படம் என்றால் பயம். ஏறியது, இறங்கியது, இருமடங்கானது என்று மனப்பாடம் செய்து வைத்த வாக்கியம் ஒன்றும் இதில் செல்லாது. ஒரு பொருள் எங்கே தொடங்கி எப்படி மாறி எங்கே முடிகிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பிளான் போடுகிறவனுக்கு இது பிடிக்காமல் போகுமா?

பயிற்சித் தாள்களில் செங்கல் தயாரிப்புப் படம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். மண்ணை வெட்டி, சலித்து, அறுத்து, உலர்த்தி, சூளையில் 200 டிகிரியில் தொடங்கி 1300 வரை கொண்டுபோய், ஆறவிட்டு லாரியில் ஏற்றுவார்கள். அந்த மாதிரி நாலைந்தை முடித்த பிறகு அவளுக்கு விடைகள் மனப்பாடமாகிவிட்டன. புதுப் படம் வேண்டும். சரி, நம்ம ஊரிலேயே எடுத்துக்கொள்வோம் என்று, தரையில் பதிக்கிற பூ வேலைக் கல் செய்யும் ஆத்தங்குடிக்குப் போனேன்.

அங்கே நான் பார்த்த பட்டறையில் வேலை இப்படி நடக்கிறது. ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்துக் கீழே வைக்கிறார்கள். அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வேலைக்கான அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஆக்சைடு கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி நிரப்புகிறார்கள், சிவப்பு ஓர் அறை, மஞ்சள் ஓர் அறை என்று. அச்சை மெதுவாகத் தூக்கியதும் நிறங்கள் கலக்காமல் அப்படியே நிற்கின்றன. அதன்மேல் ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுகிறார்கள். பிறகு மணல் சாந்தை நிரப்பிக் கரணையால் மட்டம் தட்டிச் சட்டத்தைக் கழற்றுகிறார்கள். கண்ணாடியோடு உலரவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைத்து, எடுத்துக் காயவைக்கிறார்கள். கண்ணாடி கழன்றதும் அடியில் இருந்த முகம்தான் மேல் முகம். பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. சூளை கிடையாது, நெருப்பே கிடையாது.

வீட்டுக்கு வந்து இதை ஒன்பது கட்டமாகவும் அம்புக்குறிகளாகவும் வரைந்தேன். கல்லைத் திருப்புகிற இடத்துக்கு ஒரு வளைந்த அம்பு போட்டேன். அது இல்லாவிட்டால் பூ எந்தப் பக்கம் வருகிறது என்று படம் பார்க்கிறவருக்குப் புரியாது. முதலில் நானே எழுதிப் பார்த்தேன். சொல் எண்ணிக்கை 150-ஐத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. அவளிடம் காட்டினேன்.

"மாமா, இதுல பாதி படத்துல இல்லையே" என்றாள்.

உண்மைதான். உலர் கலவை ஈரத்தை உறிஞ்சுகிறது, நெருப்பு இல்லாததால் விறகுச் செலவு இல்லை, கொஞ்ச நாள் நடக்க நடக்கத் தரை இன்னும் மெருகேறும் என்றெல்லாம் எழுதியிருந்தேன். படத்தில் தூவுகிற கை மட்டும்தான் இருக்கிறது, காரணம் இல்லை. இந்தத் தேர்வு கேட்பது படத்தில் உள்ளதை மட்டும். காரணமும் பாராட்டும் சொந்தக் கருத்தும் வேண்டாம். செட்டிநாட்டில் பிறந்தவனிடம் ஆத்தங்குடிக் கல்லைக் காட்டிப் பெருமை பேசாதே என்றால் கொஞ்சம் கஷ்டம்தான்.

விஷயம் தெரிந்ததால்தான் கூடுதலாக எழுதுகிறேனா என்று சோதிக்க வேறு ஒன்று செய்தோம். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அந்தத் துறை தெரிந்த நண்பர் ஒருவர் நிக்கல் முலாம் பூசும் முறையை வரைந்து கொடுத்தார். பொருளைக் கழுவுவது, எதிர்முனையில் கட்டுவது, நேர்முனையில் நிக்கல் தகடு, நடுவில் நிக்கல் உப்புக் கரைசல், மின்சாரம், அலசி உலர்த்துவது. எனக்கு இதில் அரிச்சுவடி கூடத் தெரியாது. ஆனால் நான் எழுதியவற்றில் அளவாகவும் சுத்தமாகவும் வந்தது அதுதான்! அம்பு போன வழியில் போனேன், வேறு போக இடமில்லை. அதே படத்தை நண்பர் எழுதியபோது அயனி, மின்னழுத்தம் என்று இரண்டு பக்கம் ஓடியது. அவரும் மாட்டிக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

அடுத்தது மொழி. நாம் இயல்பாக "ஊற்றி, எடுத்து, தூவி, நிரப்பி, தட்டி" என்று ஒரே மூச்சில் கோத்துவிடுவோம். யார் செய்தது என்று சொல்லத் தேவையே இல்லை. ஆங்கிலத்தில் அப்படிக் கோத்தால் எழுவாய் தொலைந்து, கல்லே கண்ணாடியைத் துடைத்த மாதிரி ஆகிவிடும். அதற்காகத்தான் செயப்பாட்டு வினை: 'தி கிளாஸ் இஸ் கிளீன்ட்', 'தி ஃபிரேம் இஸ் ரிமூவ்ட்'. எல்லாம் நிகழ்காலத்தில். முதல் தடவை சொல்லும்போது 'எ ஃபிரேம்', அடுத்த தடவை 'தி ஃபிரேம்'. மணல், சிமெண்டு, தண்ணீருக்கு 'எ' வராது. அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'தென்', 'நெக்ஸ்ட்', 'ஆஃப்டர் தட்' என்று தொடங்கிக்கொண்டிருந்தாள். வரிசை தெரிந்தால் போதும், வாக்கியத்துக்கு ஒன்று வேண்டாம் என்று பாதியை அடித்தேன். 'ஒன்ஸ்' போட்டு இரண்டு கட்டத்தை ஒரே வாக்கியமாக்கினால் இலக்கணத்துக்கும் மதிப்பெண் கிடைக்கும். நான்கு அளவுகோலில் அதுவும் ஒன்று, நான்குக்கும் சம எடை.

செயல்முறைப் படம் என்றாலே எல்லா வினையும் செயப்பாட்டில் எழுது என்று அவளுக்கு ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதைக் காட்டத்தான் இன்னொரு படம் வரைந்தேன்: எங்கள் பக்கத்து வீடுகளின் மழைநீர்ப் பாதை. மழை ஓட்டுச் சரிவில் விழுகிறது, முற்றத்துக்கு இறங்குகிறது, ஒரு பகுதி அங்கே வைத்த அண்டாவில் பிடிக்கப்படுகிறது, மிச்சம் வடிகால் வழியாகத் தெருவுக்குப் போய் ஊருணியில் சேர்கிறது. இதில் கை வைத்து ஆள் செய்யும் வேலை அண்டாவில் பிடிப்பது ஒன்றுதான். அதற்கு மட்டும் செயப்பாட்டு வினை. மழை விழுவதற்கும் தண்ணீர் ஓடுவதற்கும் 'ஃபால்ஸ்', 'ஃப்ளோஸ்' என்று நேராகத்தான் எழுத வேண்டும். 'இஸ் ஃப்ளோட்' என்று அவள் எழுதியிருந்ததற்குக் காரணம் அந்த வகுப்பு விதிதான். படத்தில் ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் "ஆளா, தானா?" என்று பென்சிலில் குறித்துவிட்டு எழுதச் சொன்னேன். அதற்கு அப்புறம் அந்தத் தவறு வரவில்லை. பட்டாம்பூச்சி, சால்மன் மீன் என்று உயிரினங்களின் வாழ்க்கைச் சுற்றைக் கொடுத்தாலும் இதே கேள்வி உதவுகிறது. அங்கே கிட்டத்தட்ட எல்லாமே தானாகத்தான்.

வெள்ளைப் பணியாரத்தையும் வரைந்தேன். ஊறவைத்து, ஆட்டி, எண்ணெயில் ஊற்றி எடுத்தால் முடிந்தது. 150 சொல்லுக்குத் தாங்கவில்லை. விட்டுவிட்டேன்.

மொத்தத்தைச் சொல்லும் பத்திதான் மதிப்பெண்ணுக்கு முக்கியம், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முன்னுரை ஒரு வாக்கியம், கேள்வியில் உள்ள வார்த்தையை அப்படியே எடுக்காமல். எடுத்தால் அந்தச் சொற்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அடுத்ததாக மொத்தப் பார்வை: எத்தனை கட்டம், எதில் தொடக்கம், எதில் முடிவு, சுற்றி வருகிறதா நேராகப் போய் நிற்கிறதா. ஆத்தங்குடிக் கல்லுக்கு அவள் எழுதியது, ஒன்பது கட்டம், கண்ணாடியைத் துடைப்பதில் தொடங்கி அதைக் கழற்றுவதில் முடிகிறது என்று. நான் ஒரு மாதிரி யோசித்து வைத்திருந்தேன், இது அதைவிட நன்றாக இருந்தது. மீதியை இரண்டு பத்தியாக வெட்ட வேண்டும். சட்டத்தைக் கழற்றும் இடத்தில் நான் குறுக்கே ஒரு கோடு போட்டேன். மேலே வார்ப்பது, கீழே பதப்படுத்துவது. எந்தப் படத்திலும் இப்படி ஓர் இடம் இருக்கும், பொருள் வேறு கைக்கோ வேறு அறைக்கோ போகிற இடம். கடைசியில் முடிவுரை எழுத வேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பழக்கத்தில் அவள் எழுதுவாள், நான் அடிப்பேன்.

இப்போது அவள் பேனாவைத் தொடுவதற்கு முன் அம்புகளுக்கு எண் போட்டு, ஆளா தானா குறித்து, குறுக்குக் கோட்டையும் போட்டுவிடுகிறாள். 20 நிமிடத்துக்குள் முடித்துச் சரிபார்க்கவும் கொஞ்சம் நேரம் மிஞ்சுகிறது.

இப்போது மேசையில் இருப்பது கொட்டான், அதாவது ஓலைக் கூடை, பின்னுகிற படம். பனையோலையைக் காயவைத்துக் கீறிய பிறகு ஒரு பங்கு சாயத்துக்குப் போகிறது, இன்னொரு பங்கு அப்படியே இருக்கிறது, பின்னலில் இரண்டும் சேர்கின்றன. இரண்டு கிளை வந்துவிட்டதால் குறுக்குக் கோட்டை எங்கே போடுவது என்று இன்னும் பிடிபடவில்லை. கீறுகிற இடத்தில் போடலாம் என்கிறேன், சேர்கிற இடத்தில் போடணும் என்கிறாள். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்க வேண்டும்.