அடுப்புக்கு மேலே ஒரு ரீப்பர்

பாலக்கோட்டில் எங்கள் ஓட்டு வீட்டுச் சமையலறையில் ஓடு மாற்றும்போது, விறகடுப்புக்கு நேர் மேலே ஓட்டைத் தாங்கிய மரச்சட்டத்தை, அதாவது ரீப்பரை, கழற்றிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கரி. எப்போது பற்றியது, எப்படி அணைந்தது, அம்மாவுக்கே தெரியவில்லை. "பொறி பட்டிருக்கும், விடுடா" என்கிறார்.

ஓசூரில் ஒரு கடைக்காரர் மரத்துக்கு அடிக்கும் தீத்தடுப்பு மருந்து டப்பாவைக் காட்டி, "இதை அடிச்சுட்டா தீயே புடிக்காது சார்" என்றார். சும்மா. மருந்து போட்ட மரமும் பெருந்தீயில் எரியத்தான் செய்யும். பற்றுவது தாமதமாகும், பரவுவது குறையும், அவ்வளவுதான்.

கொழுந்துவிட்டு எரிவது மரம் இல்லை, சூடானதும் மரத்திலிருந்து கிளம்பும் வாயு. இந்த மருந்துகளில் ஒன்றான பாஸ்பேட் உப்பு ஏறிய மரம் குறைந்த சூட்டிலேயே கருகத் தொடங்கிவிடும், கேட்டால் தலைகீழாக இருக்கும், ஆனால் அப்படிக் கருகும்போது எரிகிற வாயு குறைந்து கரியும் நீராவியும் கூடும், அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வை. இதற்குப் போடும் டைஅம்மோனியம் பாஸ்பேட் வேறெதுவும் இல்லை, தக்காளிக்குப் போடுகிற டிஏபிதான். (உர மூட்டையைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், கசடு நிறைய. ஆணியும் துருப்பிடிக்கும்.) 1821லேயே பிரான்சில் கே-லுசாக் என்ற வேதியியலாளர் நாடகக் கொட்டகைத் துணிகளுக்கு அம்மோனியம் பாஸ்பேட், வெங்காரம் எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார்.

நான் எடுத்தது வெங்காரமும் போரிக் ஆசிடும். முதலாவது நகை ஆசாரி நகையை ஒட்டிப் பற்றவைக்க வைத்திருப்பது, இரண்டாவது கேரம் போர்டில் தூவுவது. வெங்காரம் தீ பரவுவதைத் தடுக்கும், ஆனால் கனன்றுகொண்டே இருப்பதை நிறுத்தாது; அந்தக் கனலை அடக்குவது போரிக் ஆசிட். அதனால்தான் ஜோடியாகப் போடுகிறார்கள். கரையானும் அண்டாது.

பிரஷ்ஷால் அடித்தால் மேலோடு நின்றுவிடும். தொழிற்சாலையில் உருளைக்குள் வைத்து அழுத்தத்தில் ஏற்றுவார்கள். எனக்கு அதற்கு வழியில்லை, கொல்லையில் நீளமாகப் பள்ளம் தோண்டி, தார்ப்பாய் விரித்து, சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, ஆறு வேப்ப ரீப்பர்களை மேலே கல் வைத்து ஐந்து நாள் ஊறவிட்டேன். நிழலில் காய்ந்ததும் வெட்டு மூலையில் வெள்ளையாக உப்புப் பூத்தது. மீந்த துண்டை அடுப்பில் நீட்டினேன்: கறுத்தது, ஓரம் சிவந்தது, வெளியே இழுத்ததும் அணைந்துவிட்டது. ஊறாத துண்டு கையைச் சுடும்வரை எரிந்தது.

தாழ்வாரத்துக்கு இது வேண்டாம், மழையில் உப்பெல்லாம் கரைந்து போய்விடும்.

எல்லாம் ஏற்றி முடித்த பிறகு அம்மா, "இதுக்கு அடுப்புக்கு மேல ஒரு தகரம் கட்டியிருந்தா போதாதா?" என்று கேட்டார். போரிக் ஆசிட் குழம்பில் உதிரக் கூடாதே என்று அதையும் கட்டினேன்.