மாமி வீட்டு மச்சில் கிடந்த ஹூவர்

குளச்சலில் மாமி வீட்டுக்கு வெள்ளையடிக்க மச்சை ஒழித்தபோது, சாக்கில் சுற்றித் தும்புக்கயிற்றால் கட்டிய ஒரு சாமான் கிடந்தது. தூக்கினால் நல்ல கனம். அவிழ்த்துப் பார்த்தால் நீண்ட கைப்பிடி, அதில் தொங்கும் துணிப் பை, அடியில் ஆமை ஓடு மாதிரி ஒரு அலுமினியத் தலை. நின்றபடி தள்ளிக்கொண்டு போகும் பழைய மாடல் வாக்குவம் கிளீனர். மாமி இங்கிலாந்தில் நர்ஸாக இருந்தபோது வாங்கியது, 1986-ல் ஊருக்குத் திரும்பியபோது மற்ற சாமான்களோடு கப்பலில் வந்தது. மாமி அதை ஹூவர் என்றுதான் சொல்வார். அங்கே எந்தக் கம்பெனி மெஷினும் ஹூவர்தானாம், நாம் நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்கிற மாதிரி. இதில் பெயர்த் தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைதான் மிச்சம்.

"ஆக்கர் கடைக்காரன் வந்தா குடுத்துரு மக்களே, இங்க என்ன கம்பளமா விரிச்சுக் கெடக்கு?" என்றார் மாமி. பழைய இரும்புக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கவிழ்த்துப் பார்த்திருந்தேன். அடித்தகட்டுக்கு இரண்டு கொக்கி, மோட்டார் மூடிக்கு நான்கு ஸ்குரூ, அவ்வளவுதான். எல்லாமே சாதாரண ஸ்குரூ டிரைவருக்கு வழிவிடும் ஸ்குரூ. ஒருநாள் யாராவது திறப்பார்கள் என்று நினைத்துச் செய்த சாமான் அது. திறக்காமல் எப்படி விடுவது?

வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் பையைக் கழற்றினேன். உள்ளே ஒரு கைப்பிடி சாம்பல் நிறப் பஞ்சு, கெட்டியாகக் கம்பளி போலவே பின்னிக் கிடந்தது, நடுவே ஒரு கொண்டை ஊசி. மாமியின் அந்தக் காலத்து வாடகை வீட்டுக் கம்பளத்தின் நூல் அது, முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வகை மெஷின் பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து கேன்டன் ஊரில், ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர் என்று ஒருவர் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தார். அவருக்கு ஆஸ்துமா. கம்பளம் பெருக்கும் தூசியில் மூச்சு முட்டியதால், ஒரு ஃபேன் மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கம்பு, தலையணை உறை இவற்றை வைத்துத் தானே ஒரு மெஷினைக் கட்டினார். 1908-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தோல் சாமான் வியாபாரம் செய்துகொண்டிருந்த வில்லியம் ஹூவர் அந்த உரிமையை வாங்கினார், பெயரும் அவருடையதாகிவிட்டது. எனக்கும் மழைக்காலத்தில் இழுப்பு வரும். வாரியலை எடுத்தாலே தும்மல். அதனால் ஸ்பாங்ளரை எனக்குச் சொந்தக்காரர் மாதிரித்தான் தோன்றும்.

சரி, வேலைக்கு வருகிறேன். மச்சில் கிடந்த எந்த மெஷினையும் எடுத்தவுடன் கரண்டில் மாட்டவே மாட்டாதீர்கள். மாமி இருந்த காலத்தில் இங்கிலாந்தில் 240 வோல்ட், இங்கே 230, இரண்டுமே 50 ஹெர்ட்ஸ், ஆகவே கரண்டு ஒத்துவரும். ஆனால் மாமி வீடு கடலிலிருந்து அரை கிலோமீட்டர்கூட இல்லை. உப்புக்காற்று பட்ட அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஒயரை வளைத்தால் ரப்பர் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. மோட்டாரைத் தனியாகக் கழற்றித் தக்கலையில் எனக்குத் தெரிந்த வைண்டிங் கடை அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கரண்டு கசிகிறதா என்று பார்க்கும் 500 வோல்ட் மெகர் மீட்டரை வைத்துச் சுற்றினார். பாடிக்கும் காயிலுக்கும் நடுவே 1 மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும், முள் அதில் கால்வாசிகூட ஏறவில்லை. நான் முகத்தைத் தொங்கப் போட்டதைப் பார்த்து, "காயில் போகல மக்கா, ஈரந்தான் கேறியிருக்கு, வெயில்ல காய வை" என்றார். நான்கு நாள் மொட்டை மாடியில், மதிய வெயிலில் மட்டும் வைத்து, சாயங்காலம் ஆனதும் உள்ளே எடுத்தேன். திரும்பப் போய் வைத்ததும் முள் 20-ஐத் தாண்டியது. அண்ணன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

இந்த மெஷின் கெட்டது ஓடித் தேய்ந்ததால் அல்ல, ஓடாமல் கிடந்ததால். முன்பக்கத்து பால் பேரிங்கில் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு, கழுவி, புது கிரீஸ் வைத்ததும் விரலால் தட்டினால் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்பக்கம் புஷ் என்கிற வெறும் உலோகக் குழல், அதைச் சுற்றி எண்ணெய் குடிக்கும் ஃபெல்ட் வளையம். அதற்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். சுற்றும் பாகத்துக்குக் கரண்டு கொடுக்கும் கார்பன் இரண்டில் ஒன்று அதன் குழிக்குள்ளேயே பச்சைக் களிம்பு பிடித்து அசையாமல் இருந்தது. டிரில்லிங் மெஷினுக்கு விற்கும் கார்பனை வாங்கி, உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தேன். கார்பன் உரசுகிற செம்புப் பட்டை உருளையான கம்யூடேட்டரைச் சுத்தம் செய்ய எமரித்தாள் போடக் கூடாது, அதன் துகள் செம்புப் பட்டைகளுக்கு நடுவே ஒட்டினால் கரண்டு பாய வழியாகிவிடும். நைசான உப்புத்தாள்தான். அப்புறம் பட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகக் கீறி விட்டேன். ஒரு மணி நேரம் ஆனது, அந்த ஒரு மணி நேரம்தான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்தது.

ரேடியோவில் இரைச்சல் வராமல் இருக்க உள்ளே ஒரு மெழுகுக் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். பழையதை யோசிக்காமல் வெட்டி எறிந்துவிடுங்கள், ஒழுகும், சில சமயம் வெடிக்கும். 0.1 மைக்ரோ ஃபேரட், வீட்டுக் கரண்டில் நேரே போடுவதற்கென்றே வரும் எக்ஸ்2 வகை வாங்கிப் போட்டேன். ஒயரும் புதிது, எர்த்தோடு மூன்று கோர். பழைய பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் இருந்தது, நம் பிளக்கில் அது கிடையாது. அதனால் ஃபியூஸ் வைத்த ஒரு தனி சுவிட்ச் பெட்டியைச் செய்து அதில்தான் மாட்டுகிறேன். முதல் ஓட்டத்துக்கு 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டுக்கொண்டேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. பல்பு மங்கலாக எரிந்தது, மோட்டார் மெதுவாக முனகிக்கொண்டு சுற்றியது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இழுத்தடித்தது பெல்ட்தான். மோட்டார் ஷாஃப்டும் பிரஷ் உருளையும் ஒன்றுக்கொன்று குறுக்கே இருக்கின்றன, நடுவே ஒரு பட்டை ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டு போகிறது. முறுக்கை மாற்றிப் போட்டால் உருளை தலைகீழாகச் சுற்றும், அடித்தகட்டில் உள்ள அம்புக்குறியைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். பழைய வளையம் இரண்டு துண்டாகக் கிடந்தது. சைக்கிள் டியூபில் வெட்டிப் போட்டால் பத்து நிமிஷத்தில் தொளதொளவென்று ஆனது. நாகர்கோவிலில் ஏறி இறங்காத கடை இல்லை. கடைசியில் மாமி மகள் லீவுக்கு வரும்போது அங்கிருந்தே இரண்டு வாங்கி வந்தாள். இவ்வளவு பழைய மெஷினுக்கும் அங்கே இன்னும் பெல்ட் விற்கிறார்கள்! பை கிழிந்திருந்த இடத்தில், உள்பக்கமாக, ஸ்பாங்ளரை நினைத்துக்கொண்டு ஒரு பழைய தலையணை உறையையே வெட்டித் தைக்கக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமி வீட்டுக்கு எடுத்துப் போனேன். கம்பளம் இல்லைதான், ஆனால் முன்னறையில் பெரிய தும்புப் பாய் கிடக்கிறது. சுவிட்சைப் போட்டதும் அந்த இரைச்சலில் மாமி ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார். பிறகு கைப்பிடியை என்னிடமிருந்து வாங்கி, அவசரமே இல்லாமல், ஒரு இழுப்புக்குப் பக்கத்தில் அடுத்த இழுப்பு என்று நேர் வரிசையாகத் தள்ளிக்கொண்டு போனார். கை மறக்கவில்லை. இந்த மெஷினில் தூசி ஃபேன் வழியாகத்தான் பைக்குப் போகிறது, கல் கில் மாட்டினால் ஃபேன் இலை உடையும் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் மாமியே குனிந்து பாயோரம் கிடந்த பொத்தானைப் பொறுக்கிப் போட்டார்.

பையை முற்றத்தில் ஒரு பேப்பரில் தட்டினோம். வாரியலால் தினமும் பெருக்குகிற பாய்தான், ஆனாலும் இரண்டு கை மணல் விழுந்தது. மணவாளக்குறிச்சிக் கரைப் பக்கத்து மணல், கறுப்பு இல்மனைட்டும் சிவப்பு கார்னெட்டும் கலந்து, வெயிலில் மினுமினுவென்று. மாமி ஒரு விரலால் அதைக் கிளறிப் பார்த்துவிட்டு, "அங்க சாம்பப் பஞ்சாட்டுல்லா வரும்" என்றார்.