படித்துறை அட்டை எந்தப் பக்கம்?

பாலியல் குற்றத்தில் சிக்கிய, அறிவுசார் குறைபாடுள்ள ஆண்களுக்கு இங்கிலாந்தில் 'சாட்செக் ஐ.டி.' என்றொரு குழுச் சிகிச்சை நடக்கிறது. வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், ஏறக்குறைய ஒரு வருடம். உடலறிவு, எண்ணமும் செயலும், பாதிக்கப்பட்டவர் நிலை, மறுபடி தவறாதிருக்கும் திட்டம் என்று போகும். அதை அப்படியே திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தால் முதல் அட்டையிலேயே இடறும்.

தனியிடம், பொதுவிடம் என்று படங்களைப் பிரிக்கிற அட்டை அது. அந்த ஊர்ப் படத்தில் குளியல் என்றால் கதவு சாத்திய அறை. இங்கே தாமிரபரணியின் குறுக்குத்துறையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஊரே குளிக்கிறது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் விழித்தால் அது அவர் குறை இல்லை. எனவே இடத்தை விட்டுவிட்டுச் செயலைச் சொல்ல வேண்டும்: ஆற்றில் குளிக்கலாம், துண்டை அவிழ்க்கக் கூடாது, பெண்கள் சேலை மாற்றும் பக்கம் நிற்கக் கூடாது. ஓர் அட்டைக்கு ஒரு விதிதான். படித்துறை, டவுன் பஸ், தெருக்குழாய் எல்லாம் ஆளில்லாமல் எடுத்த உள்ளூர் போட்டோவாக இருக்கட்டும். அறைக்குள் சரியாகப் பிரித்தவர் ஜங்ஷனில் தவறுவார், ஆகையால் அந்தந்த இடத்திலும் பழக்க வேண்டும். (நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர்க் கூட்டத்தில் 'யாரையும் இடிக்காதே' என்ற விதி செல்லாது. அதைத் தனியாகப் பேசியாக வேண்டும்.)

இன்னொரு சிக்கல் 'ஆமா சார்'. "அது தப்புதானே?" என்றாலும் அதே பதில், "தப்பில்லையே?" என்றாலும் அதே பதில். "அந்த அக்கா ஒதுங்கிப் போறாங்க, இப்ப என்ன செய்வீங்க தம்பி? செஞ்சு காட்டுங்க" என்று கேட்டால்தான் உள்ளது தெரியும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். உடலறிவோ தனிமையோ கிடைக்காமல் வளர்ந்தவர், மறைவில் செய்ய வேண்டியதைத் தெருவில் செய்வது வேறு. ஆளில்லாத நேரம் பார்த்துக் குழந்தையைத் தேடிப் போவது வேறு. முன்னதற்குப் பாடமும் தாழ்ப்பாள் போட்ட அறையுமே பெரும்பாலும் போதும். பின்னதற்கு முழுச் சிகிச்சையும் கண்காணிப்பும் வேண்டும். குழந்தை சம்பந்தமாகப் புதிதாக ஏதும் சொன்னால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இதை முதல் நாளே அவரிடமும் வீட்டாரிடமும் எளிய வார்த்தையில் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

வீட்டார் கேட்பதோ வேறு: "ஒரு கல்யாணத்த முடிச்சு வச்சா அடங்கிருவான்லா?" அடங்காது, இன்னொரு பெண் சிக்குவாள், அவ்வளவுதான். அவர்களிடம் பேச வேண்டியது ஒற்றைத் தாள் திட்டத்தைப் பற்றி: யாருடன் ஆற்றுக்குப் போவது, எந்தத் தெரு வேண்டாம், மனசு தடுமாறினால் யாரைக் கூப்பிடுவது. கூட வரும் பெரியப்பா வெளியூர் போனால் யார் என்பதையும் அதில் எழுத வேண்டும். திட்டம் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் பிசகும்.