தென்கடலில் வடகடல் தண்ணீர்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வேலைக்குச் சேர்ந்தபோது என் வேலை எண்ணுவது மட்டும்தான். மாதாமாதம் படகில் போய்ப் பிளாங்டன் (நீரோட்டத்தோடு மிதந்து திரியும் நுண்ணுயிர்கள்) பிடிக்கும் வலையை இழுத்து, சிக்கியதைக் கெடாமலிருக்கப் பார்மலினில் போட்டுக் கொண்டுவர வேண்டும். அப்புறம் ஆயிரம் கட்டங்கள் கொண்ட கண்ணாடித் தகட்டில் ஒரு மில்லி ஊற்றி, நுண்ணோக்கியில் கண் வலிக்க எண்ண வேண்டும். ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்களுக்கு வடகடல், தென்கடல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஆனாலும் இரண்டு குப்பிகளிலும் ஒரே கூட்டம் இருக்காது.

ஒரு டிசம்பரில் தென்கடல் குப்பியைத் திறந்தால், நான் வழக்கமாக வடகடலில் பார்க்கும் டயாட்டம்கள் என்னும் நுண்பாசிகள். உப்பும் குறைவு. லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன் என்றே நினைத்தேன். மேலதிகாரியும் அப்படியே நினைத்தார், கொஞ்சம் சத்தமாக.

அடுத்த முறை படகோட்டி அண்ணனிடம் புலம்பினேன். அவர் சுக்கானை விடாமலே சொன்னார்: "லேபிள்ல தப்பில்ல தம்பி. வாடை அடிக்குதுல்ல? வடகடல் தண்ணி பாம்பன் வழியா இங்க இறங்கிருச்சு. கச்சான் வந்தா திரும்பிரும்."

படித்துப் பார்த்தால் அதேதான். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கே ஓடி, ஆற்றுநீர் கலந்த வங்கக்கடல் தண்ணீரைக் கொண்டுவருகிறது. அதில் ஒரு பகுதி பாக் விரிகுடாவுக்குள் புகுந்து, பாம்பன் கால்வாய், ஆதம் பாலத்து மணல்திட்டுகளின் இடைவெளிகள் வழியாகத் தென்கடலுக்கு வருகிறது. அண்ணன் சொன்ன கச்சானில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றில், போக்கு தலைகீழ். நான் இடத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். பிளாங்டனோ தண்ணீரோடு இடம் மாறிக்கொண்டிருந்தது.

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடா பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியபோது, முதலில் போனது அந்த அண்ணனிடம்தான். "பூங்கோரை" என்றார். நாங்கள் நாக்டிலூகா என்போம். நீந்தத் தெரியாத ஒற்றைச் செல். காற்றும் நீரோட்டமும் ஒதுக்கும் பக்கம் திரளும்.

வட அட்லாண்டிக்கில் 1931 முதல் வணிகக் கப்பல்களின் பின்னால் பிளாங்டனைப் பிடிக்கும் பட்டுத்துணிக் கருவியைக் கட்டி இழுக்கிறார்கள். அதனால்தான் வெதுவெதுப்பான நீரின் கோப்பிபாடுகள் (இறால் இனத்துச் சின்னஞ்சிறு உயிர்கள்) நாற்பது ஆண்டுகளில் பத்துப் பாகை அட்சரேகைக்கு மேல் வடக்கே நகர்ந்ததை அவர்களால் சொல்ல முடிந்தது. எனக்குப் பொறாமைதான். வருடாவருடம் போய்த் திரும்பும் கூட்டத்தில் எது நிரந்தரமாக இடம் மாறியது என்று சொல்ல, அவ்வளவு நீளமான கணக்கு வேண்டும்.

இப்போது என் நோட்டில் இடம், தேதிக்குப் பக்கத்தில் 'காற்று' என்று ஒரு கட்டம் கூடியிருக்கிறது. அதை மட்டும் அண்ணனைக் கேட்டுத்தான் நிரப்புகிறேன்.