இரண்டே ஊசிதானா?

நான் கர்நாடகத்தின் பத்ராவதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா இரும்பாலைத் தொழிலாளி. நர்ஸ் வேலை கிடைத்ததும் சாகர தாலுகாவில் மலைக்காட்டை ஒட்டிய கிராமங்களுக்குப் போட்டார்கள். தோளில் தொங்கும் வேக்சின் கேரியரில் இருந்தது மங்கன காயிலே தடுப்பூசி, அதாவது குரங்குக் காய்ச்சலுக்கானது.

1957இல் இதே சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோதுதான் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். பரப்புவது உண்ணி. பாக்குத் தோட்டக்காரர்கள் காட்டுச் சருகை வாரித் தலையில் சுமந்து வந்து மரத்தடியில் போடுவார்கள். அந்தச் சருகில் எள்ளளவு உண்ணிக்குஞ்சுகள் ஒட்டியிருக்கும். டிசம்பரில் தொடங்கி மே வரை பயம்தான். இதற்கென்று மருந்தும் கிடையாது.

பழைய தடுப்பூசி கோழிக்கரு செல்லில் வைரஸை வளர்த்து ஃபார்மலினில் கொன்று செய்தது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, ஆறேழு மாதம் கழித்து பூஸ்டர், அப்புறம் வருஷத்துக்கு ஒன்றாக ஐந்து வருஷம். மழையில் வழுக்கும் வரப்பில் நடந்து போனால், ஒரு வீட்டு அக்கா கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார். "பேட தங்கி, கை எத்தக்காகல்லா." வேண்டாம் தங்கச்சி, கையைத் தூக்கவே முடியாது. உண்மைதான். ஊசி போட்ட இடம் வீங்கி, இரண்டு நாள் குடம் தூக்க முடியாமல் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு ஊசி போட்டவர்களுக்கு 62 சதவீதமும், பூஸ்டரும் போட்டவர்களுக்கு 83 சதவீதமும் பாதுகாப்பு இருந்ததாக 2013இல் வெளியான ஆய்வு சொன்னது. அக்கா பூஸ்டர் போடவில்லை. 2019 ஜனவரியில் குரங்குக் காய்ச்சலில் படுத்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் இரண்டு மாதம் தோட்டத்துக்குப் போகவில்லை. அந்த சீசனில் பக்கத்து அரளகோடில் பல உயிர்கள் போயின. அப்புறம் வீரியம் போதவில்லை என்று 2022இல் அந்தத் தடுப்பூசியையே நிறுத்திவிட்டார்கள். வெறுங்கையோடு, உண்ணி அண்டாமல் பூசிக்கொள்ளும் தேபா எண்ணெய் மட்டும் எடுத்துக்கொண்டு அதே வீடுகளுக்குப் போனபோது எனக்கு அழுகையே வந்தது.

இப்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் ஹைதராபாத் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனமும் சேர்ந்து புதிய தடுப்பூசி செய்கிறார்கள். இதுவும் கொன்ற வைரஸ்தான். கூடவே எதிர்ப்புசக்தியைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்திருக்கிறார்கள். மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்கும் முதல் கட்டத்துக்கு வந்துவிட்டது. 28 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி.

செய்தி கேட்டதும் அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். வலிக்குமா என்று கேட்கவில்லை.

"எரடேனா?" என்றார். இரண்டே தானா?