கொல்லிமலையும் ஒரு கோன் செட்டும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருப்பார்கள். போன ஆவணியில் பன்னிரண்டாவது பலகை வருவதற்குள்ளேயே எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. வண்டி திரும்பவே மாட்டேன் என்றது. இழுத்துப் பிடித்துச் சாய்த்தால் முதலில் முரண்டு, அப்புறம் பொத்தென்று ஒரு பக்கமாக விழுவது. பின்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் இடுப்பைப் பிடித்த பிடியிலேயே எல்லாம் தெரிந்தது.

வண்டி 150 சிசி, 2014 மாடல். பேரைச் சொன்னால் ரெண்டு கட்சியாகப் பிரிந்து சண்டைக்கு வருவீர்கள், வேண்டாம். ஓடியது 61 ஆயிரம் கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ஆண்டகளூர் கேட்டில் ஏறி சேலம் வரைக்கும் நாலுவழிச் சாலையில் நேராகப் போய் நேராக வந்தது. இந்த 'நேராக'த்தான் வினையே என்று அப்போது தெரியாது.

ராசிபுரத்தில் நான் வழக்கமாக வண்டி விடுகிற மெக்கானிக் அண்ணன் வண்டியை முன்னால் பார்க்கவில்லை, பின்னால் போய்க் குனிந்தார்.

"ஏந்தம்பி, இந்த டயரு வண்டிக்கா, ஊருக்குக் காட்டவா?"

கம்பெனி போட்டது 100/90-17; முதல் எண்தான் டயரின் அகலம், மில்லிமீட்டரில். பார்வைக்குக் கெத்தாக இருக்கட்டும் என்று ரெண்டு வருஷத்துக்கு முன் நான் மாட்டியது 120/80-17. ரிம் மட்டும் அதே பழைய ஒல்லி ரிம். டயர் அகலமாக ஆக, அதே வேகத்தில் அதே வளைவைத் திரும்ப வண்டி இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய வேண்டியிருக்கும். போதாததற்கு ஹைவேயில் ஓடி ஓடி நடுப்பட்டை தட்டையாகத் தேய்ந்து, ரெண்டு ஓரத்திலும் வரப்பு மாதிரி விளிம்பு நின்றது. சாய்க்கும்போது அந்த வரப்பு மேல் ஏற வேண்டும், அதுதான் முரண்டு. ஏறினதும் அந்தப் பக்கம் சரியும், அதுதான் பொத்து.

"இது பாதிதான்" என்று சொல்லிவிட்டு சென்டர் ஸ்டாண்டு போட்டார். பையனைப் பின் சீட்டில் உட்கார வைத்ததும் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. "ஒத்த வெரலால ஹேண்டிலைத் தள்ளிப் பாருங்க."

தள்ளினேன். இடது கோடியிலிருந்து வழவழவென்று வந்தது, சரியாக நடுவில் 'டக்'கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. தாண்டினால் மறுபடி வழவழ. இத்தனை நாளாக என் கை இந்த 'டக்'கோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறது.

கழற்றிப் பார்த்தபோதுதான் நம்பினேன். கோன் செட் என்பது ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் மேலும் கீழும் இருக்கும் குண்டு பேரிங். அதன் கீழ்க் கிண்ணத்தைத் துணியால் துடைத்து வெயிலில் காட்டினார். பளபள எஃகில் ஒரே இடைவெளியில் வட்டமாகக் குழிகள், பணியாரக் கல்லைச் சுருக்கி வைத்த மாதிரி. ஹேண்டில் எந்நேரமும் நேராகவே இருந்தால் குண்டுகளும் அதே இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் அவற்றைச் சுத்தியல் போல அதே இடத்தில் அடிக்கும். வண்டி நிமிர்ந்து நிற்க ஹேண்டில் நூலளவு இப்படியும் அப்படியுமாகத் தானாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும். குழியில் மாட்டின குண்டு அதை விடாது.

போன வருஷம் வேறொரு கடையில், பிரேக் பிடித்தால் முன்னால் 'டொக்'கென்று கேட்கிறது என்று காட்டினேன். நட்டை ஓங்கி இறுக்கி அனுப்பிவிட்டார்கள். சத்தம் நின்றது, நானும் சந்தோஷமாகக் காசு கொடுத்தேன். இறுக்கினதில் குண்டு குழிக்குள் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்ததுதான் மிச்சம். இந்த அண்ணன் புது செட்டில் கிரீஸ் அப்பி, கொஞ்சம் கொஞ்சமாக நட்டைத் திருகினார். முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது, நடுவிலிருந்து லேசாகத் தட்டிவிட்டால் ஹேண்டில் தன் கனத்திலேயே ஓரம் போய் முட்ட வேண்டும். நாலு தடவை கழற்றி மாட்டித்தான் அவருக்குத் திருப்தி.

முன்சக்கரத்தைத் தாங்குகிற ஷாக் குழாய்களில் இருக்கும் ஃபோர்க் ஆயிலும் மாற்றினோம். சாம்பல் நிறத்தில் வடிந்தது, நாற்றம் சொல்லி மாளாது. காற்று விஷயம் அதைவிடக் கேவலம். மேனுவலில் முன்சக்கரத்துக்கு 25 என்று இருக்கிறது, பங்க்சர் கடையில் நான் கேட்காமலே 35 அடித்து வந்திருக்கிறார்கள். பழைய அளவு டயரையே மாட்டினோம். டயரைத் தவிர்த்து மற்ற எல்லாம் ரெண்டாயிரத்துக்குள் முடிந்தது.

அடுத்த ஞாயிறு தனியாக மலை ஏறினேன். கொண்டை ஊசிகளில் வண்டி தண்ணீர் மாதிரி திரும்பியது. ஆனால் இடையில் வருகிற நீள வளைவுகளில் இன்னும் கனம். வண்டியைத் திட்ட வாய் வந்தது. சோளக்காட்டில் நிறுத்தி டீ குடிக்கும்போது பார்த்தால் முன்கை ரெண்டும் கெட்டியாக வலிக்கிறது. ரெண்டு கையாலும் ஹேண்டிலை நசுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். இடது பக்கம் திரும்ப இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளினால் போதும், வண்டி இடது பக்கம் சாயும். நான் ஒரு கையால் தள்ளி மறு கையால் தடுத்திருக்கிறேன். இறங்கும்போது முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொண்டு முழங்கையைத் தளர்த்தினேன். அடிவாரம் வரைக்கும் ஒரு தடவைகூட ரோட்டின் நடுக்கோட்டைத் தாண்டவில்லை.

இன்னொன்று, பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் எழும்பும், வளைவில் வண்டி வெளிப்பக்கமாக ஓடப் பார்க்கும். பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை ரெண்டு நாட்ச் இறுக்கி ஏற்றிவிட்டு வீட்டுக்காரம்மாவை மறுபடி அழைத்துப் போனேன். நாற்பதாவது வளைவு வாக்கில் தோளைத் தட்டினார்.

"ஏனுங்க, போன வாட்டி ஒவ்வொரு திருப்பத்துலயும் பல்லைக் கடிச்சீங்க. இப்பத்தான் மூச்சு விடறீங்க."

அந்த 120 டயரை மச்சான் தோட்டத்து வேப்பமரத்தில் ஊஞ்சலாகக் கட்டிவிட்டார். நடுவில் தட்டையாகத் தேய்ந்திருப்பதால் உட்காரச் சௌரியமாக இருக்கிறதாம் குழந்தைகளுக்கு.